மிதிக்கச் சொன்ன புத்தகம்

காலை 7.10, லாங்கன்தால்

சனிக்கிழமை என்றால் ஒன்பது மணிவரை படுக்கையை விட்டு எழும்பாத ஆள் நான். கிழமையில் ஐந்து நாளும் இருட்டோடு தொழிற்சாலைக்கு ஓடுகிறவளுக்கு அந்தச் சுகமாவது வேண்டாமா? அப்படிப்பட்ட என்னை விடியக்காலை ரயிலில் ஏற்றிவிட்டது என் அக்கா. மகளின் சித்திரக் கண்காட்சிக்கு அத்தானைக் கூட்டிக்கொண்டு போய் வா என்று வியாழக்கிழமை போன் எடுத்தாள். அவளுக்கு முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை. கண்காட்சி தொடங்கிய நாளே தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டாள். அத்தான் முதுகு நோகிறது, மழை பெய்கிறது என்று மாதக்கணக்காகச் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையோடு கண்காட்சி முடிகிறது.

மகளின் பெயர் மயூரி. ஆராவில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடம் முடித்ததும் வங்கி ஒன்றில் தொழிற்பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அத்தான் அதைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். ஒரு வருடத்தில் அவள் அதை விட்டுவிட்டுச் சித்திரம் படிக்கப் போனாள். வீட்டில் பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நல்லது, அதோடு முடிந்திருக்கும். சாப்பிட்டாயா, குளிர்கிறதா, எத்தனை மணி ரயில் என்று அத்தான் மகளிடம் எல்லாம் கேட்பார். வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவள் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்து நாலு பேருக்குத் தெரிந்தவளாக ஆன பிறகும் இதே கதைதான்.

"அவர் பாராட்ட வேண்டாம். அவளின்ர வேலையைப் பற்றி வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டால் காணும். அந்தப் பிள்ளை அதுக்குத்தான் பாத்துக்கொண்டு நிக்குது" என்றாள் அக்கா. ஆளை வாசலோடு திரும்பி வர விடாதே என்று ஒரு கட்டளை வேறு.

போகிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவிஸ் நாட்டின் கிழக்கு மூலையில், போடன் ஏரிக்கு மேலே மலையில் இருக்கும் ஹைடன் என்ற சிற்றூர். அங்கே சிறுவர் புத்தகங்களுக்கும் அவற்றின் சித்திரங்களுக்கும் என்றே ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. என் ஊரிலிருந்து பாதி நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். பாதிக் கட்டண அட்டை வைத்திருப்பவர்கள் ஒருநாள் சீட்டை நேரத்தோடு பதிவு செய்தால் மலிவாக எடுக்கலாம். எனக்கு அக்கா கடைசி நேரத்தில் சொன்னதால் 49 பிராங்க் போயிற்று. போக விரும்புகிறவர்கள் என்னைப் போல ஏமாறாதீர்கள்.

காலை 8 மணி, ஆராவ்

ஓல்டனில் மாறி ஆராவுக்கு வந்தபோது அத்தான் மேடையில் நின்றார். அயர்ன் பண்ணிய சட்டை, மினுக்கிய சப்பாத்து. கையில் இரண்டு பை. ஒன்றில் மகளுக்குப் பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு. அவர் ஏறியதும் ரயில்பெட்டி முழுக்க மணம். மற்றதில் ஒரு சின்னத் தலையணை. ஆராவில் உணவகச் சமையலறை ஒன்றில் பாத்திரம் கழுவத் தொடங்கி, சமையல்காரராக ஓய்வு பெற்றவர். குனிந்து பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கி, வலது தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே ஒரு இடம் நிரந்தரமாகப் பழுதாகிவிட்டது. தலையணையை அந்த இடத்துக்குச் சரியாகக் கொடுத்துத்தான் எங்கேயும் உட்காருவார்.

எங்களுக்கு முன்னால் இருந்த இளைஞன் தன் இலவசப் பத்திரிகையை நிலத்தில் போட்டுவிட்டுச் சூரிச் வருமுன்பே எழும்பிக் கதவடிக்குப் போனான். அத்தானின் கால் அதில் பட்டுவிட்டது. உடனே குனிந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி மேசையில் வைத்தார். பக்கம் முழுக்க உள்ளாடை விளம்பரம்.

"ஆரைக் கும்பிட்டனீங்கள் எண்டு பாத்தனீங்களோ அத்தான்?" என்றேன்.

எழுத்தென்றால் எழுத்துத்தான், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது அவரவர் கெட்டித்தனம் என்றார் அவர். சொல்லிவிட்டுத் தானும் சிரித்தார். சிரிக்கிற மனிதர்தான். மகளின் பேச்சை எடுத்தால்தான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

சூரிச்சில் மாறுவதற்குள் ஒரு கோப்பி குடித்தோம், 5.20 பிராங்க், வாய்க்கு விளங்கவில்லை. அங்கிருந்து சென்ற் காலனுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். விண்டர்தூர் தாண்டியதும் ஆப்பிள் தோட்டங்கள், பால் மாடுகள், மரவீடுகள். அத்தான் பாதி வழியில் எழும்பிப் போய்க் கதவடிக் கம்பியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார். ஒரு வெள்ளைக்கார அம்மா தன் இருக்கையை அவருக்குக் கொடுக்க எழும்பினாள். இருக்கை இருக்கிறது, இருக்கத்தான் முடியவில்லை என்று நான் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

காலை 10.30, றோர்ஷாக்

சென்ற் காலனில் மீண்டும் ஒரு மாற்றம். பிறகு ரயில் இறங்கு இறங்கென்று இறங்கி ஏரிக்கரையில் கொண்டுவந்து விடுகிறது. போடன் ஏரியின் எதிர்க்கரை ஜெர்மனி. வலது பக்க மூலை ஒஸ்ரியா. எல்லை எங்கே என்று தண்ணீரைப் பார்த்தால் தெரியாது.

இங்கிருந்து ஹைடனுக்குப் பல்சக்கர ரயில். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். ஏரிமட்டத்திலிருந்து நானூறு மீற்றர் உயரம் ஏறுகிறது. சிவப்புப் பெட்டிகள், கோடையில் கூரையில்லாத திறந்த பெட்டியும் பூட்டுவார்கள். எந்தப் பக்கம் இருந்தால் ஏரி தெரியும் என்று சாரதியைக் கேட்டேன். போகும்போது இடது பக்கம், வரும்போது நித்திரை கொள்ளலாம் என்றார். ஒருநாள் சீட்டு இதற்கும் செல்லும்.

ரயில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியது. பழத்தோட்டங்களும் காடும் விலக விலக ஏரி கீழே அகன்றுகொண்டே போனது. அவ்வளவு அழகையும் விட்டுவிட்டு அத்தான் என் பக்கம் திரும்பி, மயூரி அங்கே எங்களோடு நிற்பாளா, வேலையாக இருப்பாளா என்று கேட்டார். அதை அவளிடமே கேளுங்கள் என்றேன். அவர் மறுபடி ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலை 11 மணி, ஹைடன்

ஊர் சுத்தமோ சுத்தம். அளந்து வைத்தது போன்ற வீடுகள், நடுவில் சதுக்கம், ஒரு தேவாலயம். அருங்காட்சியகம் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. ஒரு காலத்தில் தையல் வேலைப்பாட்டுப் பட்டறையாக இருந்த கட்டடமாம். வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அந்த நாளிலேயே உயரமான ஜன்னல்களை வைத்திருக்கிறார்கள். படம் பார்க்க அது இன்று நல்ல வசதி. நுழைவு 12 பிராங்க், சிறுவர்களுக்கு இலவசம். வாசலில் மயூரியும், அந்த இடத்தை நடத்துகிற றெகுலா என்ற பெண்ணும் நின்றார்கள். சித்திரக்காரியின் தகப்பனிடம் பணம் வாங்குவதாவது என்று றெகுலா எங்கள் இருவரையும் இலவசமாக உள்ளே விட்டாள். அத்தானுக்கு அது பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. மகளிடம் குழம்புப் பெட்டியை நீட்டி, சூடு ஆறமுதல் சாப்பிடு என்றார். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது, குழம்பு வைத்தது விடியக்காலை.

கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிகளில் பழைய படப் புத்தகங்கள். ஆடு மேய்க்கும் பையன்கள், பனியில் தொலைந்த மிருகங்கள், கோபக்கார மலைகள். என்னை இழுத்தது புத்தகங்கள் அல்ல, கீழே இருந்த இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் சித்திரக்காரர்கள் கீறிப் பிழையாகிப்போன தாள்களை வைத்திருந்தார்கள். ஒரு கரடிக்கு நாலு முறை மூக்கு மாற்றி, ஐந்தாம் முறை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருந்தார் ஒருவர். கண்ணுக்கு எளிதாகத் தெரிகிற ஒரு கரடிக்குள் இவ்வளவு மாரடிப்பு. அத்தான் அந்த இழுப்பறையை இரண்டு தரம் திறந்து மூடினார். கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மயூரியின் கண்காட்சி மேல்தளத்தில். மாடிப்படி முடிகிற இடத்தில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று ஒரு தட்டு வைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு சுவிஸ் கட்டடமாவது எங்கள் வீட்டு வழக்கத்துக்கு வந்ததே என்று மகிழ்ந்து கழற்றினோம். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு பலகை. பல மொழிகளில் ஒரே வாசகம், அதில் தமிழும் இருந்தது: தயவுசெய்து மிதிக்கவும்.

அத்தான் அதை இரண்டு தரம் வாசித்தார்.

மண்டபத்தின் நிலம்தான் புத்தகம். கட்டில் அளவுப் பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலிலிருந்து தொடங்கி, மண்டப நீளத்துக்குப் போய், மூலையில் திரும்பி மறைந்தன. பிள்ளைகள் கதைக்குள்ளேயே நடந்து போகட்டும் என்பதற்காக இப்படிச் செய்தாளாம். இது இன்னும் அச்சாகவில்லை. இங்கே மட்டுந்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் மண்நிற மலை ஒன்று, அதன் அடியில் சின்னப் பெண்பிள்ளையின் இரண்டு வெறுங்கால். கீழே ஜெர்மனிலும் தமிழிலும் ஒரு வரி: ஒவ்வொரு பின்னேரமும் நான் ஒரு மலை ஏறுவேன்.

"வாங்கோ அப்பா" என்று மயூரி சொக்ஸோடு முதல் பக்கத்தில் ஏறி நின்றாள். பிள்ளைகள் எங்களை முட்டி மோதிக்கொண்டு ஓடினார்கள். நான் ஒரு காலை வைத்தேன். வைத்த கால் தானாகத் திரும்பி வந்துவிட்டது. என் கையும் என்னைக் கேளாமல் கண்ணுக்குப் போய் வந்தது.

அத்தான் அசையவில்லை. "நான் இதில நிண்டு பாக்கிறன்" என்றார்.

மயூரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தில் வெளிச்சம் அணைந்தது எனக்குத் தெரிந்தது. நாலு ரயில் ஏறி இறங்கி வந்தும் இவர் வாசலைத் தாண்டப் போவதில்லை என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். யார்தான் அப்படி எடுக்க மாட்டார்கள்?

"பிடிக்கேல்லை எண்டால் நேராச் சொல்லுங்கோ அப்பா. அம்மாவுக்காக வந்து நிக்க வேண்டாம்."

அத்தான் சப்பாத்தில்லாத தன் காலைக் குனிந்து பார்த்தார். "பிடிக்கேல்லை எண்டு ஆர் சொன்னது? நீ கீறின புத்தகம். அதை நான் காலால மிதிக்கிறதோ?"

அவளும் தான் நின்ற பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். நிலத்தில் வழுக்காத தாள் எது, எந்த வயதுப் பிள்ளையின் கால் எவ்வளவு நீளம் என்றெல்லாம் மாதக்கணக்காக யோசித்து வைத்தவள். சின்ன வயதில் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கால் பட்டதற்கு இதே தகப்பனிடம் எத்தனை தரம் ஏச்சு வாங்கியிருப்பாள்! அவளுக்கே அது நினைவு வரவில்லை. இங்கே பிறந்த பிள்ளை, மறந்துவிட்டது. எனக்கு அவளில் கோபமும் வந்தது, பாவமும் வந்தது.

என்ன பிரச்சினை என்று றெகுலா கேட்டாள். என் தொழிற்சாலை ஜெர்மனில் எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். அவள் நல்லவள், சிரிக்கவில்லை. கைக்கணினியில் எல்லாப் பக்கத்தையும் காட்டுகிறேன், நாற்காலியில் இருந்தே பார்க்கலாம் என்றாள். மயூரி விடவில்லை. கடைசிப் பக்கம் அந்த மூலைக்குப் பின்னால் இருக்கிறது, அதை நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும், நாளைப் பின்னேரம் எல்லாவற்றையும் உரித்துவிடுவார்கள் என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

அத்தான் நிலத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பக்கங்களைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு, ஒரு சாண் அகலம் இருக்கும். அதில் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. வலது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு அந்த விளிம்பில் காலை வைத்தார். பிறகு மற்றக் கால். வயல் வரம்பில் போகிறவர் போல ஒற்றையடியாக நடக்கத் தொடங்கினார். நான் வேறென்ன செய்ய? பின்னால் போனேன். வயதான இருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு நல்ல பகிடி.

பக்கம் பக்கமாகப் போனோம். சின்னப் பெண் மலையில் ஏறுகிறாள். முதுகெலும்பு போல நீண்ட மேட்டில் ஒரு ரயில் விளக்குகளோடு போகிறது. ஒரு பக்கத்தில் மலையே பேசுகிறது: இன்னும் கொஞ்சம் மேலே. அடுத்ததிலும் அதேதான். இந்த நாட்டில் மண்நிறத்தில் மலை எங்கே இருக்கிறது, எல்லாம் பச்சையும் வெள்ளையும்தானே என்று அத்தான் என்னிடம் முணுமுணுத்தார். பிறகு மலையடிவாரம் வந்தது. நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக வயல்கள். அத்தான் நின்றார்.

"இது என்ர சாரமெல்லோ" என்றார்.

சும்மா இருங்கள் அத்தான், வயலைப் பார்த்து இடுப்பில் கட்டுகிற சாரம் என்கிறீர்கள் என்றேன். அடுத்த பக்கத்தில் இடது மேட்டில் ஒரு குளம் இருந்தது, வால் முளைத்த முட்டை மாதிரி ஒரு வடிவம். அவருடைய கை சட்டைக்கு மேலால் இடது தோளுக்குப் போனது. உணவகத்தில் கொதி எண்ணெய் தெறித்த தழும்பு அங்கே இருப்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குளத்தை நானும் இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தேன்.

மூலை திரும்பினோம்.

கடைசிப் பக்கத்துக்கு விளிம்பு இல்லை. சுவரிலிருந்து சுவர் வரைக்கும் படம். வாடகை வீட்டு அறை. ஜன்னலுக்குக் கீழே வெப்பமூட்டி, கதவடியில் சமையலறைச் சப்பாத்து. பாயில் ஒருவர் நீலக்கட்டச் சாரத்தோடு குப்புறப் படுத்திருக்கிறார். சின்னப் பெண் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அவருடைய முதுகில் ஏறி மிதிக்கிறாள். அவ்வளவு நேரமும் நாங்கள் பார்த்து வந்த மலை அதுதான். இதில் மலை ஒன்றும் சொல்லவில்லை. நித்திரையாகிவிட்டது.

வேலையால் வந்ததும் அத்தான் இப்படிக் குப்புறப் படுத்துக்கொண்டு, வா பிள்ளை, முதுகை மிதித்துவிடு என்று மகளைக் கூப்பிடுவது வழக்கம். அவள் ஏறி நடப்பாள். நான் போயிருந்த நாட்களில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பெட்டைப்பிள்ளை வளர்ந்துவிட்டது, இனிப் போதும் என்று அக்கா ஒருநாள் நிறுத்திவிட்டாள்.

அத்தான் விளிம்பு முடிந்த இடத்தில் நின்றார். கை பின்னால் முதுகுக்குப் போனது. மயூரி அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், அவளும் இப்போது விளிம்பில்தான் நின்றாள்.

மஞ்சள் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, நாலு வயது இருக்கும், படத்து முதுகின் இடுப்புப் பக்கம் நின்று குதித்துக்கொண்டிருந்தது. அத்தான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் சமையலறைச் சுவிஸ் ஜெர்மனில், அங்கே இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே என்றார். குழந்தை மரியாதையாக இரண்டடி மேலே போய்க் குதித்தது. வலது பக்கம், வலது பக்கம் என்றார். அது இடது பக்கம் போனது. பக்கம் தெரிகிற வயசா அது?

மயூரி விளிம்பை விட்டு இறங்கினாள். சாரத்தைச் சுற்றி, குழந்தையைத் தாண்டி, ஒன்றையும் தேடாமல் நேரே போய் வலது தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு இடத்தில் இரண்டு காலையும் வைத்து நின்றாள். நின்று தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓம்" என்றார் அத்தான். "அந்த இடந்தான்."

பின்னேரம் 3.30, ஹைடன் நிலையம்

மயூரி வழியனுப்ப வந்தாள். நாங்கள் திறந்த பெட்டியில் இருந்தோம். அத்தான் தலையணையை முதுகுக்குக் கொடுக்க மறந்து மடியில் வைத்திருந்தார். உரித்த தாள்களை என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். எறிவதுதான், அவ்வளவு பெரிய தாளை எங்கே வைப்பது என்றாள். கடைசிப் பக்கத்தை எறியாதே, வீட்டுக்குக் கொண்டு வா, சுவரில் கொழுவலாம், நிலத்தில் மட்டும் போட விடமாட்டேன் என்றார் அத்தான். சுவிஸ் கணக்கில் மூன்றரை அறையுள்ள அவர்களின் வீட்டில் அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

எங்கள் வீடுகளில் புத்தகம் இருக்கும் இடம் உயரம். சாமிப் படத்துக்குப் பக்கத்தில். பிள்ளையும் எட்டி எட்டித்தான் எடுக்க வேண்டும். இங்கே காலடியில் விரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நான் வைத்த ஒரு காலையும் எடுத்துவிட்டு விளிம்போடுதான் போய்த் திரும்பினேன்.

ரயிலுக்கு மணி அடித்தது. அத்தான் கம்பிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, அடுத்ததா என்ன கீறப்போறாய்?"

மயூரி என்னைப் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன். ஒரு பேருந்தைப் பற்றி என்று தொடங்கினாள் அவள். ரயில் அசைந்தது. அவள் கையால் காற்றில் கீறிக் காட்டிக்கொண்டே கூட நடந்து வந்தாள். பேருந்து ஓட்டுகிற பெண்ணுக்கு இரவில் ஒரு பயணியும் வராத கதை என்று கேட்டது. மேடை முடியும்வரை சொன்னாள். அத்தான் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அக்காவுக்கு ஒரு சொல் அனுப்பினேன்: கேட்டிட்டார். வேலை நேரத்தில் போனைத் தொடவே கூடாது என்பவள் உடனே திருப்பி அனுப்பினாள், என்ன கேட்டவர், அவள் என்ன சொன்னவள் என்று. நான் போனை அத்தானின் கையில் கொடுத்தேன்.

ரயில் றோர்ஷாக்குக்கு இறங்கி முடியும்வரை அவர் ஒற்றை விரலால் எழுதிக்கொண்டிருந்தார்.